மரநடுகை விழாவை விட வாராவாரம் இருபது நிமிடம்

சுற்றாடல் தினம் வந்தால் வாவிக் கரையில் பதாகை கட்டி, பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கண்டல் கன்றைக் கொடுத்துப் படம் எடுப்பது வழமையாகிவிட்டது. அதில் கன்றுக்கும் பயனில்லை, பிள்ளைக்கும் பயனில்லை. சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் மட்டம் பார்க்காமல் நட்டார்கள், நட்டபின் போய்ப் பார்க்க ஆளில்லை. பிள்ளைகளின் மனதையும் உறவுகளையும் தேற்றும் உளசமூக வேலைகள் பலவும் இப்படித்தான் கருகுகின்றன.

மட்டக்களப்புக்கு இயற்கைவழி ஆற்றுப்படுத்தல் புதிதல்ல. 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, யுத்தத்தில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக அழைத்து, தோட்டம், சித்திரம், கதை என்று பழகவிட்டது. அந்தளவு வசதி இல்லாத ஊரிலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு: ஒரே இடத்தில் போய் இருப்பது.

10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் ஆறேழு பேர், பெரியவர்கள் இருவர். ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனியே போகக் கூடாது, இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. காலை வெயில் ஏறுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஓர் இடம் பிடிக்க வேண்டும்: வேம்படி, வேலியோரம், கரையிலிருந்து தள்ளி ஒரு மேடு. எல்லாரும் பெரியவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும், மெல்ல மெல்ல இருபதுக்குக் கொண்டுபோகலாம். தொலைபேசி வேண்டாம், கொப்பியும் வேண்டாம். முதல் மூன்று வாரமும் பிள்ளைகள் நெளிவார்கள், சிரிப்பார்கள், கல்லெறிவார்கள். அநேகமானோர் கைவிடுவது அங்கேதான். ஆனால் ஆள் அசையாமல் இருந்தால்தான் குருவிகள் பழையபடி மேய இறங்கும்.

அப்போது புலுனிகளை, அதாவது தவிட்டுக் குருவிகளை, கவனிக்கச் சொல்லுங்கள். கூட்டமாக நிலத்தைக் கிளறிக்கொண்டிருக்கும்போது ஒரு சத்தம், பூனையோ சாரையோ வந்தால் வேறு சத்தம். அணிலும் சேர்ந்து கத்தினால் ஏதோ வருகிறது என்று பொருள். இந்த வித்தியாசத்தைத் தானே பிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போதும், மதிப்பீட்டுப் படிவம் தேவையில்லை.

பிறகு வட்டமாக இருந்து கதை. இங்கே பெரியவர்கள் விடும் பிழை, பதில் சொல்லிவிடுவது. “கறுப்பா ஒரு குருவி” என்றதும் “அது நீர்க்காகம்” என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. “செட்டைய என்ன செஞ்சது மனே?” என்று கேளுங்கள். விரித்துக் காயவிட்டதைச் சொல்லும். ஏன் காயவிட வேண்டும் என்ற கேள்வியோடு வீட்டுக்கு அனுப்புங்கள்.

சமூகத்துக்குப் போகும் வழியும் அந்தக் கேள்விதான். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறந்தால் இறால் என்னவாகும், கச்சான் காற்று வயலுக்கு என்ன செய்யும் என்பதெல்லாம் வீச்சுவலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் திண்ணையில் இருக்கும் அப்பப்பாவுக்குத் தெரியும். அவரிடம் கேட்கத்தான் ஆளில்லை. மாதம் ஒருமுறை அவரையே வட்டத்துக்கு அழையுங்கள். பேச்சு இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் பிரசங்கமாகிவிடும்.

ஆபத்துகளை முன்கூட்டியே யோசியுங்கள். முதலை உள்ள பக்கங்களில் தண்ணீர் ஓரம் கிட்டப் போக வேண்டாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானை நடமாடும் இடமென்றால் விடியற்புறமும் மைமலும் கூடாது. தில்லை மரத்தைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் நிறையச் சுத்தத் தண்ணீரால் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலில் புண்ணோடு வயற்சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். மாரியில் கரை தண்ணீரில் தாழ்ந்துவிடும், பாடசாலை மரத்தடிக்கு மாறுங்கள்.

தண்ணீரைக் கண்டு ஒதுங்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இந்தக் கரையில் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாத குடும்பம் குறைவு. நித்திரையின்மை நீடித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ இது மரத்தடியில் தீரும் விடயமல்ல: தேசிய மனநல உதவி எண் 1926. துன்புறுத்தலை வெளிப்படுத்தினால் சிறுவர் உதவி எண் 1929.

வழிகாட்டியாகத் திட்டக்காரரைப் போடாதீர்கள். நிதி முடிந்ததும் அவர் போய்விடுவார், ஆள் போனதும் பிள்ளைகளும் வரமாட்டார்கள். ஊரிலேயே இருக்கும் மாமி ஒருவர், தொண்டராசிரியர் ஒருவர் என்று இருவரைத் தொடக்கத்திலிருந்தே கூட வைத்துப் பழக்குங்கள்.