"பாஸ்வேர்டு போட்டிருக்கோமே சார்!"

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு போன். "யாருக்கு மெயில் போட்டாலும் திரும்பி வருது சார்." இந்த மாதம் இது மூன்றாவது. உள்ளே போய் க்யூவை, அதாவது அனுப்பக் காத்திருக்கும் மெயில்களைப் பார்த்தால் 40,000 வரிசை கட்டி நிற்கின்றன, பெரும்பாலும் யாரோ வெளியாள் இந்த சர்வர் வழியாகத் திருட்டுத்தனமாக அனுப்பும் குப்பை மெயில். பன்னிரண்டு பேர் பில்லும் கொட்டேஷனும் அனுப்புகிற சர்வர் அது.

"பாஸ்வேர்டு போட்டிருக்கோமே!" இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. போட்டிருக்கிறீர்கள் ஐயா, வந்த மெயிலைப் படிக்க. அனுப்புவது வேறு வாசல். 1982-ல் எஸ்எம்டிபி, அதாவது மெயில் அனுப்பும் நெறிமுறை, எழுதப்பட்டபோது அனுப்புகிறவரை "நீ யார்" என்று கேட்கும் வழக்கமே அதில் இல்லை. அந்தக் கேள்வி 1999-ல்தான் முறைப்படி சேர்ந்தது. நாம் சொல்லிவைத்தால்தான் இன்றும் கேட்கும்.

சொல்லிவைத்தும் கெடுக்கலாம். மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் மைநெட்வொர்க்ஸ் என்று ஒரு வரி உண்டு. "இவங்க நம்ம ஆளுங்க, எதுவும் கேட்காம விடு" என்கிற பட்டியல் அது. ஸ்கேனரில் லாகின் போட வரவில்லை என்று 192.168.1.0/24 முழுவதையும், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கின் எல்லா முகவரிகளையும் அதில் எழுதிவிட்டார்கள். ரவுட்டரோ, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்பையும் தன் முகவரியை ஒட்டி உள்ளே தள்ளுகிறது. லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், வரிக்கு வரி ரவுட்டரின் முகவரியான 192.168.1.1. யூசர் பெயர் ஒன்றுகூட இல்லை. ஊரே நம்ம ஆள்!

மைநெட்வொர்க்ஸில் சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.0/8 போதும். ஸ்கேனருக்கும் தனி யூசர், தனி பாஸ்வேர்டு. ஆட்கள் அனுப்புவது 587 அல்லது 465 போர்ட்டில். சர்வரும் சர்வரும் மெயில் கைமாற்றிக்கொள்ளும் 25-ல் லாகின் வசதியையே அணைத்துவையுங்கள். இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ் இல்லாமல் பாஸ்வேர்டை வாங்காதீர்கள். பாஸ்வேர்டை எழுத்து மாற்றி அனுப்பும் பேஸ்64 பூட்டு இல்லை, யாரும் ஒரு நொடியில் பிரித்துப் படிக்கலாம். ரவுட்டரின் முகவரி மாற்றத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால், தப்பான லாகின் முயற்சிகளைப் பார்த்து முகவரியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் திருடனை விட்டுவிட்டு உங்கள் ரவுட்டரையே தடைசெய்யும். பார்த்திருக்கிறேன். க்யூவை மொத்தமாகத் துடைத்துவிடாதீர்கள், உங்கள் பில்களும் அதற்குள்தான் கிடக்கின்றன.

கெஞ்சிக் கேட்கிறேன், முடித்ததும் வெளியே இருக்கும் வேறொரு சர்வரிலிருந்து, லாகின் இல்லாமல், வெளி முகவரி ஒன்றுக்கு மெயில் அனுப்பிப் பாருங்கள். மொபைல் டேட்டாவில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், அங்கே பல நேரம் 25-ஐயே அடைத்துவைத்திருப்பார்கள். "ரிலே அக்சஸ் டினைட்", அதாவது இந்த வழியாக அனுப்ப அனுமதி இல்லை என்று பதில் வர வேண்டும். மெயில் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்போதே கூப்பிடுங்கள், திங்கட்கிழமை வரை வைத்திருக்காதீர்கள்.