உன் போனில் ஓடும் செயலி என் போனில் ஏன் ஓடவில்லை?

2015இல் நெக்சஸ் 5எக்ஸ் என்ற போன் வந்தபோது, அதுவரை மற்ற போன்களில் கேமராப் படத்தை ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்த பல செயலிகள் அதில் மட்டும் தலைகீழாகக் காட்டின. போனில் கோளாறு எதுவும் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் சென்சார் நீள்சதுரமானது, நாம் போனை நிமிர்த்திப் பிடிக்கும்போது அது படுத்தவாக்கில் இருக்கும், அதனால் அதிலிருந்து வரும் படத்தைச் செயலிதான் திருப்பிக்கொள்ள வேண்டும். எத்தனை டிகிரி திருப்புவது என்று கேட்டால் ஆண்ட்ராய்டே சொல்லிவிடும். பெரும்பாலான போன்களில் விடை 90 என்பதால் பலர் கேட்கவே இல்லை, நிரலில் 90 என்றே எழுதிவிட்டார்கள். 5எக்ஸில் சென்சார் எதிர்வாக்கில் பொருத்தப்பட்டிருந்தது. அங்கே விடை 270.

மொபைல் டெஸ்டிங் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு மாடலில் மட்டும் செயலி உடைந்தால் 'அந்தப் போன் அப்படித்தான்' என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அந்தப் போன் செய்தது ஒன்றே ஒன்று, எழுதியவருக்கே தெரியாமல் நிரலுக்குள் உட்கார்ந்திருந்த ஓர் அனுமானத்தை வெளியே இழுத்துப் போட்டது. பல போன்களில் சோதிப்பது என்றால் இந்த அனுமானங்களைத் தேடுவதுதான்.

எல்லாப் போனிலும் சோதித்துவிட முடியாதா? முடியாது. ஓபன்சிக்னல் நிறுவனம் 2012இல் தன் செயலி ஓடும் ஆண்ட்ராய்டு கருவிகளை எண்ணியபோது சுமார் 4,000 வகை இருந்தது, 2015இல் அது 24,000ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஆண்ட்ராய்டு பதிப்பு, மொழி, எழுத்தின் அளவு, பேட்டரி சேமிப்பு என்று அமைப்புகள் வேறு வேறு.

திரையின் அளவுதான் பெரிய தலைவலி என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்ட்ராய்டில் அளவுகளைப் பிக்சலில் சொல்லாமல் 'டிபி' என்ற அலகில் சொல்வார்கள்: அங்குலத்துக்கு 160 புள்ளி உள்ள திரையில் 1 டிபி என்பது 1 பிக்சல், 480 புள்ளி உள்ள திரையில் 3 பிக்சல், ஆக பொத்தான் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். பயனர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் பொத்தானுக்குள் சொல் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் பிழை சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

பிடிபடாதவை வேறு இடத்தில் இருக்கின்றன. கணினியிலேயே ஒரு போலிப் போனை ஓட்டிப் பார்க்க எமுலேட்டர் இருக்கிறது, ஐபோனுக்குச் சிமுலேட்டர் இருக்கிறது. தினசரி வேலைக்கு இரண்டும் அருமையானவை. ஆனால் ஐபோன் சிமுலேட்டர் போனின் சிப்பை நடித்துக் காட்டுவதில்லை, உங்கள் செயலியை மேக் கணினிக்காகவே தொகுத்து அங்கேயே ஓட்டுகிறது. இன்டெல் வகைச் சிப் உள்ள கணினியில் ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் பொதுவாக அந்தச் சிப்புக்கான ஆண்ட்ராய்டைத்தான் ஓட்டும். கையில் இருக்கும் போனிலோ ஏஆர்எம் வகைச் சிப்.

அதனால் என்ன ஆகும்? சி++ போன்ற மொழியில் எழுதிய ஒரு பகுதியில் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை ஒரு படத்தை நினைவகத்தில் எழுதி முடித்துவிட்டு 'தயார்' என்று ஒரு கொடியை ஏற்றுகிறது, இரண்டாவது வேலை கொடியைப் பார்த்ததும் படத்தை எடுத்துக்கொள்கிறது. சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்பார்கள். இன்டெல் வகைச் சிப்பில் ஒரு கோர் எந்த வரிசையில் எழுதுகிறதோ அந்த வரிசையில்தான் மற்ற கோர்களுக்கும் தெரியும். ஏஆர்எம் சிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'இந்த வரிசை முக்கியம்' என்று நிரலில் சொல்லாவிட்டால், படம் வந்துசேரும் முன்பே கொடி மற்றொரு கோருக்குத் தெரிந்துவிடலாம், அப்போது அது எடுப்பது பாதிப் படம் அல்லது பழைய குப்பை. இதுவும் எப்போதோ ஒருமுறைதான் நடக்கும். எமுலேட்டரில் இரவெல்லாம் ஓட்டினாலும் இந்தப் பிழை தலைகாட்டாமலே போகலாம், ஏனென்றால் அதை உண்டாக்கும் சூழலே அங்கே இல்லை.

கிராபிக்ஸிலும் இதே கதை. மொபைல் கிராபிக்ஸ் நிரலில் 'நடுத்தரத் துல்லியம் போதும்' என்று எழுதலாம். கணினியின் கிராபிக்ஸ் சிப் பொதுவாக அதைக் கண்டுகொள்ளாமல் ஒவ்வோர் எண்ணுக்கும் 32 பிட் இடம் கொடுத்து அதிகத் துல்லியத்தில் கணக்குப் போட்டுவிடும், பல போன்கள் சொன்ன சொல் தவறாமல் 16 பிட்டில் போடும். 16 பிட்டில் 2048 வரைதான் எல்லா முழு எண்களையும் பிரித்துச் சொல்ல முடியும், அதற்கு மேல் இரண்டிரண்டாகத்தான் தாவும். 2400 பிக்சல் உயரமுள்ள திரையில் அப்படி இடத்தைக் கணக்கிட்டால், ஒரு முனையில் மட்டும் கோடுகள் பல்லுப் பல்லாகத் தெரியும். டெவலப்பரின் மேசையில் எல்லாம் வழவழவென்று இருக்கும்.

சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போன்களில் விசிறி கிடையாது, சூடானால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஒரு காட்சியை வரைய சுமார் 16.7 மில்லிவினாடி கிடைக்கிறது, 120 ஹெர்ட்ஸில் அதில் பாதி. முதல் நிமிடம் இதற்குள் அடங்கிய வேலை இருபதாவது நிமிடம் அடங்குமா என்பது உண்மையான போனில் ஓட்டினால்தான் தெரியும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை ஒன்று உண்டு. ஒருவர் நீளமான படிவத்தை நிரப்பிக்கொண்டே வருகிறார், கடைசியில் புகைப்படம் கேட்கிறது, கேமரா திறக்கிறது. நினைவகம் குறைவான போன் என்றால், கேமராவுக்கு இடம் கொடுக்க ஆண்ட்ராய்டு பின்னணியில் இருக்கும் உங்கள் செயலியையே மூடிவிடும். படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் படிவம் காலி. நினைவகம் தாராளமாக உள்ள போனில் இது நடக்காததால் எழுதியவர் பார்த்திருக்கவே மாட்டார், பார்ப்பவர்கள் மலிவான போன் வைத்திருப்பவர்கள்தான். இத்தனைக்கும் இதைப் பிடிப்பது சுலபம். டெவலப்பர் அமைப்புகளில் ஒரு திரையை விட்டு விலகியதுமே அதை அழித்துவிடும் தெரிவு இருக்கிறது, அதை இயக்கிவிட்டு ஒருமுறை செயலிக்குள் உலாவினால் போதும், விட்டுப்போனவற்றில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும்.

மொழியும் ஓர் அனுமானம்தான். துருக்கிய மொழியில் வைத்த போனில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ'யைச் சிறிய எழுத்தாக மாற்றினால் புள்ளி இல்லாத வேறொரு எழுத்து வரும், பெயர்களை ஒப்பிடும் நிரல் அங்கே தடுக்கி விழும். 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, நினைவகத்தில் ஐந்து குறியீடு. நாலோடு வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும்.

சரி, இத்தனையையும் எப்படிச் சோதித்து முடிப்பது? இங்கே கணிதம் கைகொடுக்கிறது. இருண்ட திரை, பெரிய எழுத்து, பேட்டரி சேமிப்பு என்று பத்து அமைப்புகள், ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப் என்றால் மொத்தச் சேர்க்கை 1,024. ஆனால் அமெரிக்காவின் நிஸ்ட் என்னும் தர அளவீட்டு நிறுவனத்தின் ஆய்வுகள், பெரும்பாலான கோளாறுகளைத் தூண்டுவது ஒரே காரணி அல்லது இரண்டின் சேர்க்கை என்று காட்டின. எந்த இரண்டு அமைப்புகளை எடுத்தாலும் அவற்றின் நான்கு சேர்க்கைகளும் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டால், சரியாகத் தேர்ந்தெடுத்த 6 சோதனைகள் போதும்! மூன்று காரணிகள் சேர்ந்து வரும் பிழை தப்பிக்கலாம்தான், இருந்தாலும் 1,024ஐ 6 ஆக்கியது சாதாரண விஷயம் இல்லை.

போன்களையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதிகம் விற்கும் பத்து மாடல்களை வாங்கினால், ஒன்றுபோல இருக்கும் பத்துப் போன்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பதில் நினைவகம் குறைவான ஒன்று, நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு உள்ள ஒன்று, வேறு நிறுவனக் கிராபிக்ஸ் சிப் உள்ள ஒன்று, மடிக்கும் திரை ஒன்று, சேமிப்பிடம் நிரம்பி வழியும் ஒன்று. மீதிக்கு வாடகைப் போன் பண்ணைகள் இருக்கின்றன, அடுக்கடுக்காக வைத்த உண்மையான போன்களில் உங்கள் செயலியை இணையம் வழியே ஓட்டிப் பார்க்கலாம்.

பிழை கிடைத்த பிறகும் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. '5எக்ஸ் என்றால் 270' என்று ஒரு வரி சேர்த்தால் படம் நேராகிவிடும், அன்றைய வேலை முடிந்தது போலத் தோன்றும். சென்சாரை அதே வாக்கில் பொருத்திய இன்னொரு போன் வந்தால் மறுபடி தலைகீழ். கோணத்தைப் போனிடமே கேட்டு வாங்கும்படி மாற்றிவிட்டு, அப்புறம் 90 டிகிரிப் பழைய போன்களிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அங்கே ஏதாவது திரும்பிவிட்டதா என்று.