கராத்தே தடுப்பு: கையை விட்டுக் காலைப் பாருங்கள்

பிள்ளை வீட்டுக் கூடத்தில் 'அகே உகே' என்ற மேல்தடுப்பைச் செய்து காட்டினால் பெற்றோர் கையைப் பார்த்துக் கைதட்டுவார்கள். கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் நான் காலைப் பார்ப்பேன்.

கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் குத்தும்போது, அதைக் கண்டு நம் உடல் அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிவிடும். அதற்குள் குத்து வந்து சேர்ந்துவிடலாம். ஆகவே 'மாஅய்', அதாவது இடைவெளி, முதலில் வேண்டும். எதிராளி ஓரடி முன்வைத்தால்தான் நம்மைத் தொட முடியும் என்ற தூரத்தில் நின்றால், அந்த ஓரடியே நமக்கு எச்சரிக்கை.

அடுத்தது 'தாய் சபாகி', தாக்குதல் வரும் கோட்டிலிருந்து உடலை விலக்குவது. வாடோ ரியூ என்ற கராத்தே பிரிவை நிறுவிய ஹிரோனோரி ஓட்சுகா, ஜூஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் ஊறியவர். அந்தப் பிரிவுக்கு இந்த விலகல்தான் உயிர். எங்கள் ஷோட்டோகான் பிரிவிலோ தொடக்கத்தில் 'கோஹோன் குமிதே' என்று ஐந்தடி நேராகப் பின்வாங்கப் பழக்குகிறோம். தொடக்கநிலைக்கு அது சரி. வருடக்கணக்கில் அதிலேயே நின்றுவிட்டவர் நிஜத்தில் சுவரில்தான் முட்டுவார். இத்தனைக்கும் எங்கள் முதல் கட்டாவான (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) ஹெயான் ஷோடானில் முதல் 'கெதான் பராய்' என்ற கீழ்த்தடுப்பே இடப்புறம் திரும்பித்தான் வருகிறது.

முன்னால் வரும் உதையை நின்ற இடத்திலேயே கெதான் பராயால் அடித்து நிறுத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் அதிகம் அடிபடுகிறது. முன்கை எலும்பு மெலிது, எதிரே வருவது கால் எலும்பு. கை வீங்கி வரும் மாணவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "நீ எங்கப்பா நின்னே?"

இடுப்புக்கு இழுக்கும் கையும், அதுதான் 'ஹிகிதே', வெறும் அழகுக்கு இல்லை. எதிராளியின் கையைப் பிடித்திழுத்து நிலைகுலைய வைக்கவும் அது பயன்படும். ஒரு கை தடுக்க மறு கை சும்மா இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தே இயங்க வேண்டும் என்பது ஒகினாவாவின் கராத்தே ஆசான் சோக்கி மோட்டோபு வலியுறுத்திய பாடம்.

கத்திக்கு எதிராக 'ஜூஜி உகே' என்று கைகளைக் குறுக்கே வைப்பதைச் சாகசமாகக் காட்டுகிறார்கள். நான் அதை நம்பச் சொல்வதில்லை. பணத்தைக் கொடு, ஓடு, கத்து. 'கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை' என்பது ஷோட்டோகானை நிறுவிய கிச்சின் ஃபுனாகோஷியின் (1868–1957) இருபது நெறிகளில் ஒன்று. ஜப்பானின் காமகுரா நகரில், எங்காகுஜி கோயிலில் உள்ள அவரது நினைவுக்கல்லிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. தப்பி ஓடுவதும் அதற்குள் அடக்கம் என்பது என் கட்சி.

பிள்ளையின் வகுப்பில் ஜோடிப் பயிற்சி நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தடுக்காமல் நின்றிருந்தாலும் அந்தக் குத்து முகத்தைத் தொட்டிருக்குமா? ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுகிறது என்றால், அங்கே தடுப்பை யாரும் சோதிக்கவே இல்லை. ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.