இருநோக்கியும் தலைவலியும்: ஒரு கண் பரிசோதகரின் அனுபவத்திலிருந்து

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சென்ற மார்கழியில் என்னிடம் பரிசோதனைக்கு வந்திருந்தார். ஞாயிறுதோறும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கப் போவதாகவும், திரும்பி வந்தால் மாலைவரை நெற்றிப்பொட்டில் வலி நிற்பதாகவும் சொன்னார். இரத்த அழுத்தத்தில் குறையில்லை. ஆறு மாதத்துக்கு முன் மாற்றிய கண்ணாடியின் பவரும் சரியாகவே இருந்தது. வெயில்தான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்து தொப்பி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த முறை வரும்போது அவருடைய பைனாக்குலரையும் எடுத்துவரச் சொன்னேன். அதை எதிர்வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை நோக்கித் திருப்பிப் பார்த்தபோது எனக்கே சில நொடிகளில் கண் கூசி இழுத்தது. இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. ஒன்று சற்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

பைனாக்குலரைத் தமிழில் இருநோக்கி என்று சொல்வது பொருத்தமானது, ஏனெனில் அது ஒரு சட்டத்தில் பூட்டிய இரண்டு தொலைநோக்கிகள். அவற்றின் அச்சுகள் இணையாக இருந்தால்தான் இரண்டு கண்களிலும் விழும் பிம்பங்களை மூளை சிரமமின்றி ஒன்றாக்க முடியும். நம் கண்களுக்கு உள்நோக்கித் திரும்பிச் சேரும் திறன் நிறைய உண்டு. படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அதனால்தான் இயல்கிறது. வெளிநோக்கி விலகும் திறன் அதைவிட மிகக் குறைவு. ஒரு கண் மேலும் மறு கண் கீழுமாகப் பிரிந்து பார்க்கும் திறனோ மிகவும் அற்பம். பெரும்பாலோருக்கு 2 முதல் 3 பிரிசம் டயாப்டர் (பார்வைக்கோடு விலகுவதை அளக்கும் அலகு) அளவிலேயே அது முடிந்துவிடும். அந்த எல்லைக்குள் இருக்கும் பிழையை மூளை சரிக்கட்டிவிடுவதால் காட்சி இரண்டாகத் தெரிவதில்லை. ஆனால் சரிக்கட்டும் வேலையைச் செய்வது விழித்தசைகள். ஒரு மணி நேரம் அப்படி உழைத்தபின் அவை அதைத் தலைவலியாகத் தெரிவிக்கின்றன. மலிவான கருவிகளில் உள்ளிருக்கும் முப்பட்டகம் (ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) சிறு பிடிப்பிலோ பசையிலோ நிற்பதால், பேருந்துப் பயணத்தில் ஒருமுறை மடியிலிருந்து விழுந்தாலே இடம் பெயர்ந்துவிடும். புதிதாகப் பெட்டியைப் பிரிக்கும்போதே அச்சு கோணியிருந்த கருவிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். கருவியை மேசை விளிம்பிலோ முக்காலியிலோ நிலையாக வைத்து, தொலைவிலுள்ள கூரை விளிம்பு அல்லது மின்கம்பி போன்ற ஒரு கிடைக்கோட்டைப் பாருங்கள். பிறகு தலையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, ஒரு சாண் தொலைவில் இரண்டு ஒளிவட்டங்களும் தனித்தனியே தெரியும்படி நிறுத்துங்கள். அந்தக் கோடு இடது வட்டத்திலிருந்து வலது வட்டத்துக்கு ஒரே நேராகத் தொடர வேண்டும். படிக்கட்டுபோல ஏறியோ இறங்கியோ தெரிந்தால், எத்தனை சதவீதம் தள்ளுபடி என்றாலும் அதை வாங்காதீர்கள். கருவி வழியே பார்த்துக்கொண்டே கண்களை ஐந்து நொடி மூடித் திறந்து பார்ப்பது இன்னொரு வழி. திறந்த கணத்தில் காட்சி இரண்டாக நின்று பிறகு வழுக்கி ஒன்று சேர்ந்தால், உங்கள் கண் ஏதோ ஒரு பிழையைச் சுமக்கிறது என்று பொருள். இணையத்தில் வாங்குகிறவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்த இரண்டையும் செய்துவிடுவது நல்லது.

அடுத்தது எண்களின் விஷயம். 8x42 என்றால் உருப்பெருக்கம் எட்டு மடங்கு, முகப்பு லென்ஸின் விட்டம் 42 மி.மீ. எந்த அளவை வாங்குவது என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி மேலைநாட்டு வேட்டைக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். துப்பாக்கியின் மேலுள்ள ஸ்கோப் வழியே ஒன்றை அடையாளம் காண முயல்வது, அடையாளம் தெரியாத ஒன்றை நோக்கிக் குறிவைப்பதாகும் என்பதால், இருநோக்கியில் பார்த்து உறுதி செய்துகொள்வது அவர்களிடையே அடிப்படைப் பாதுகாப்பு விதி. அதற்காகவே நல்ல கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய தேவை வேறு. ஜெர்மனியில் காட்டுப்பன்றிக்காகப் பரணில் உட்கார்ந்து நிலவொளியில் காத்திருப்பவருக்கு 8x56 வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் எதிர்ச்சரிவை மணிக்கணக்கில் துழாவுகிறவர் 15x56 கருவியை முக்காலியில் பொருத்திக்கொள்கிறார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் இருநோக்கி பெரும்பாலும் பார்ப்பதற்காக மட்டுமே தூக்கப்படுகிறது. அதுவும் வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ காலை வெயிலில், கையில் பிடித்தபடி, நடந்துகொண்டே.

இங்கே ஒரு எளிய வகுத்தல் கணக்கு உதவும். முகப்பு விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கருவியிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். 8x42 கருவியில் அது 5.25 மி.மீ., 10x42 கருவியில் 4.2, 8x56 கருவியில் 7, சட்டைப்பையில் அடங்கும் 10x25 கருவியில் வெறும் 2.5. இனி உங்கள் கண்பாவையை அளவாக வையுங்கள். நல்ல வெயிலில் அது 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கிவிடும். இருட்டில் இளவயதில் 7 மி.மீ. வரை விரியும், அறுபதைக் கடந்தவர்களில் பலருக்கு 5 மி.மீ.யைத் தாண்டுவதில்லை. ஆகவே ஓய்வுபெற்ற ஒருவர் 8x56 கருவியைச் சுமந்து சென்றாலும், அது தரும் கூடுதல் ஒளி அவருடைய கண்ணுக்குள் போகாமல் கண்பாவையைச் சுற்றியுள்ள கருவிழிப்படலத்தின் மேல் விழுந்து வீணாகும். அதேபோல 2.5 மி.மீ. கற்றை பகல் வெளிச்சத்துக்குப் போதும் என்று தோன்றினாலும், கண்ணைத் துல்லியமாக அதே இடத்தில் வைக்க வேண்டியிருப்பதால், தலை சற்று அசைந்தாலே காட்சி கறுத்துப்போகும். வயதில் மூத்தவர்களும் கை நடுக்கம் உள்ளவர்களும் சிறிய கருவியைத்தான் தேடுகிறார்கள், ஆனால் அவர்களுக்கு அதுதான் அதிகச் சிரமம் தருவது.

விளம்பரங்களில் ‘ட்விலைட் ஃபாக்டர்’ என்று ஒரு எண் போடுவார்கள். உருப்பெருக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது. அதன்படி 8x56 கருவிக்கு 21.2, 20x50 கருவிக்கு 31.6. இதை நம்பினால் அந்திநேரத்துக்கு 20x50தான் சிறந்தது என்றாகிவிடும். உண்மையில் அதன் ஒளிக்கற்றை 2.5 மி.மீ. மட்டுமே, கையில் பிடித்தால் படம் துள்ளும். ‘180x100’ என்றெல்லாம் அச்சடித்து விற்கப்படும் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முகப்பு லென்ஸின் மேல் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். எழுதியிருப்பதில் பாதிகூட இருக்காது.

கையில் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு எட்டு மடங்கைத்தான் பரிந்துரைக்கிறேன். பத்து மடங்கில் பறவை பெரிதாகத் தெரியும், அதனோடு கை நடுக்கமும் பெரிதாகும்; காட்சிப்பரப்பும் சுருங்குவதால், புதரிலிருந்து புதருக்குத் தாவும் தையல்சிட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். கடற்கரைச் சேற்றுவெளியில் தொலைவிலுள்ள உள்ளான்களைப் பிரித்தறிய வேண்டிய கோடியக்கரை போன்ற இடங்களில் பத்து மடங்குக்கு நியாயம் உண்டு.

கண்ணாடி அணிபவர்கள் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது ‘ஐ ரிலீஃப்’ என்ற அளவை. கண்ணருகு லென்ஸிலிருந்து எவ்வளவு பின்னால் கண்ணை வைத்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதே அது. மூக்குக்கண்ணாடி விழியிலிருந்து 12 முதல் 14 மி.மீ. தள்ளி நிற்கிறது. எனவே 10 மி.மீ. ஐ ரிலீஃப் உள்ள கருவியில் கண்ணாடியோடு பார்ப்பது சாவித்துவாரம் வழியே பார்ப்பது போன்றது. குறைந்தது 15, முடிந்தால் 17 மி.மீ. இருக்கட்டும். கண்ணாடி அணிந்து பார்க்கும்போது ரப்பர் கிண்ணங்களை உள்ளே திருகிவிட வேண்டும். கழற்றிவிட்டுப் பார்ப்பவர்கள் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், மூன்று நான்கு டயாப்டர் பவர் வரையான குறையைப் பெரும்பாலான கருவிகளின் குவியச் சக்கரமே ஈடுகட்டிவிடும். சிலிண்டர் பவர் (விழிப்பரப்பின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) கணிசமாக உள்ளவர்களுக்கு அப்படி முடியாது; சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் இறகின் விளிம்பு கூர்மையாகாது, அவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். வெள்ளெழுத்துக்காகப் புரோகிரஸிவ் லென்ஸ் போட்டிருப்பவர்கள் அதன் மேல்பகுதி வழியே பார்க்கப் பழக வேண்டும்.

உங்கள் கண்ணாடிச் சீட்டில் ‘பி.டி.’ என்று ஒரு எண் எழுதியிருப்பார்கள். இரண்டு கண்பாவைகளுக்கும் இடைப்பட்ட தூரம் அது. பெரும்பாலான பெரியவர்களுக்கு 54 முதல் 74 மி.மீ.க்குள் இருக்கும். முழு அளவு இருநோக்கிகள் பலவற்றை 56 மி.மீ.க்குக் கீழே மடக்க முடியாது. ஒடுங்கிய முகமுள்ள பெண்களும் பள்ளிக் குழந்தைகளும் ‘எனக்கு ஒரு கண்ணில்தான் தெரிகிறது’ என்று சொல்வதற்குக் காரணம் பல நேரங்களில் இதுதான். பறவைக் கணக்கெடுப்புக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதைக் கவனித்தால், ஒரு குழந்தை ஆர்வமற்றது என்று தவறாக முடிவு கட்டாமல் இருக்கலாம்.

ஒளியைக் கடத்தும் திறனில்தான் மலிவானதும் தரமானதும் வெகுதூரம் பிரிகின்றன. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி பிரதிபலித்து இழக்கப்படுகிறது. பன்னிரண்டு பரப்புகளைக் கடந்தால் மிஞ்சுவது 61 சதவீதம்தான். இழந்த ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து காட்சியை வெளிறச் செய்கிறது. இதற்குத் தீர்வான எதிரொளி தடுக்கும் பூச்சை ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா 1935இல் உருவாக்கினார். இன்றைய பல்லடுக்குப் பூச்சு, இழப்பை ஒரு பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. பெட்டியில் ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று இருந்தால் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்கு என்று பொருள். வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு அடுக்கு இருந்தாலும் அப்படி எழுதிக்கொள்ளலாம். சுற்றுலாத் தலங்களில் மாணிக்கச் சிவப்பாக மின்னும் லென்ஸ்களைக் கண்டு மயங்குகிறவர்கள் அதிகம். சிவப்பு வெளியே மின்னுகிறது என்றால் அந்தச் சிவப்பு உங்கள் கண்ணுக்கு வரவில்லை என்றே பொருள். அதன் வழியே பார்த்தால் செம்போத்தின் இறக்கைகூட மங்கிய பழுப்பாகிவிடும்.

முப்பட்டகத்தில் இரண்டு வகை உண்டு. குழல் நடுவில் மடிந்து தோள் அகன்றிருப்பது, இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பைத் தழுவியது. நேர்க்குழலாக இருப்பது ரூஃப் வகை. ரூஃப் வகையில் நல்ல பிம்பம் கிடைக்க ஃபேஸ் பூச்சு என்ற கூடுதல் பூச்சு தேவை. அது இல்லாத மலிவான ரூஃப் கருவியைவிட அதே விலையுள்ள போரோ கருவி தெளிவாகக் காட்டும். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவு செய்ய முடிந்தவர்கள், மழைக்காட்டுக்குப் போகப் போவதில்லை என்றால், போரோவை வெட்கப்படாமல் வாங்கலாம். வால்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு நீர்புகாத, நைட்ரஜன் நிரப்பிய கருவியே சரி. நம் கடலோர ஈரப்பதத்தில் தோல் உறைக்குள் அடைத்து வைத்த சாதாரணக் கருவியின் உள்ளே பூஞ்சை படர்வதற்கு அதிக காலம் ஆகாது. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா போதுமானது. லென்ஸைத் துடைக்க வேட்டி நுனியும் புடவைத் தலைப்பும் வேண்டாம். முதலில் ஊதி மணலை அகற்றிவிட்டு மென்னிழைத் துணியால் துடையுங்கள்.

எந்த விலைக் கருவிக்கும் பொருந்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. வானில் வட்டமிடும் கழுகைத் தொடரும்போது சூரியன் காட்சிக்குள் வந்துவிடக் கூடாது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லாததால் சுட்டுவிட்டது என்பதே அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து பார்வையின் நடுவில் கரும்புள்ளி நிற்கும்போதுதான் தெரியும், சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடும். குழந்தைகள் கையில் கருவியைக் கொடுக்கும்போது சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கவையுங்கள்.

நான் குறிப்பிட்ட அந்த வங்கி அலுவலர் பிறகு 8x42 கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். வலது முகப்பு லென்ஸை உள்ளங்கையால் மூடி, இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைச் சரிசெய்தோம். பிறகு இடதை மூடி, வலது கண்ணருகு வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மையாக்கினோம். கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல் லென்ஸை மூடிச் செய்வதற்குக் காரணம், ஒரு கண்ணை இடுக்கும்போது மற்றதும் சற்று இடுங்குவதுதான். அச்சுச் சோதனையிலும் கருவி தேறியது. ஆனாலும் இரண்டு வாரம் கழித்து, வலி பாதியாகக் குறைந்திருக்கிறதே தவிர முழுதும் போகவில்லை என்றார். இம்முறை கருவியை விட்டுவிட்டு அவரைச் சோதித்தேன். அவருடைய கண்களிலேயே சிறிய அளவில் மேல்கீழ் மறைமுக மாறுகண் இருந்தது, அதாவது ஒரு கண் சற்று மேலே விலக முயல, மூளை அதை வெளியே தெரியாமல் சரிக்கட்டிக்கொண்டிருந்தது. பழைய கருவியின் கோணல் அதை மறைத்துக்கொண்டிருந்ததால் நானும் முதலில் கவனிக்கத் தவறியிருந்தேன். கண்ணாடியில் அந்த விலகலை ஈடுகட்டும் சிறு பிரிசம் சேர்த்துக் கொடுத்தபின் அவர் பள்ளிக்கரணைக்குப் போய்வந்து, தலைவலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பூநாரைகள் வந்திருப்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.