ஆர்மிஸ்டிஸ்: 'போர் நிறுத்தம்' என்றால் போதுமா?

'1953இல் கொரியப் போர் முடிந்தது' என்று ஒரு வரி. அடுத்த பத்தியிலேயே 'இரு கொரியாக்களும் இன்றும் போர் நிலையில்தான் இருக்கின்றன' என்று இன்னொரு வரி. தமிழ்க் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் இந்த முரணுக்குக் காரணம் ஒரே ஆங்கிலச் சொல்: 'ஆர்மிஸ்டிஸ்' (armistice). இதையும் 'சீஸ்ஃபயர்' (ceasefire) என்பதையும் நாம் 'போர் நிறுத்தம்' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

வேர் லத்தீன். 'அர்மா' என்றால் படைக்கலங்கள். 'ஸ்டிடியம்' என்றால் நிற்றல். கதிரவன் திசை திரும்பும் முன் நிற்பதுபோல் தோன்றும் நாளைக் குறிக்கும் 'சோல்ஸ்டிஸ்' என்ற சொல்லிலும் இதே ஈறுதான். ஆக, நிற்பது படைக்கலம். போர் முடிந்ததா என்பதைப் பற்றி இந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை.

கொரியப் போரின் ஆர்மிஸ்டிஸான 1953 ஜூலை 27 ஆவணத்தைப் பார்த்தால் இது விளங்கும். காலை 10 மணிக்குக் கொரிய எல்லைக் கிராமமான பன்முன்ஜோமில் ஐ.நா. தரப்பில் ஜெனரல் வில்லியம் ஹாரிசனும் வடகொரிய, சீனத் தரப்பில் ஜெனரல் நாம் இல் (Nam Il) என்பவரும் கையெழுத்திட்டார்கள், கைகுலுக்கவில்லை. பிறகு ஐ.நா. படையின் மார்க் கிளார்க், வடகொரியாவின் கிம் இல் சுங், சீனப் படையின் பெங் டெஹுவாய் ஆகியோர் தனித்தனியே ஒப்பமிட்டார்கள். எல்லாம் படைத்தலைவர்கள் என்ற முறையில்தான். தென்கொரியா கையெழுத்திடவே இல்லை. அதிபர் சிங்மன் ரீ மறுத்துவிட்டார். நடைமுறைக்கு வந்தது அன்றிரவு 10 மணிக்கு. இடைப்பட்ட 12 மணி நேரமும் பீரங்கிகள் ஓயவில்லை. பிறகு 72 மணி நேரத்துக்குள் இரு படைகளும் ஆவணம் வகுத்த எல்லைக்கோட்டிலிருந்து தலா 2 கி.மீ. பின்வாங்க வேண்டும். இன்றைய 4 கி.மீ. அகல படைவிலக்கப் பகுதி அப்படி வந்ததுதான். (அந்தக் கோட்டை, போருக்கு முன் இரு கொரியாக்களையும் பிரித்த '38ஆம் அகலக்கோடு' என்று எழுதுவதும் தவறு. கிழக்கே அது 38க்கு வடக்கில் ஏறிப் போகிறது. மேற்கே 38க்குத் தெற்கிலுள்ள கேசோங் நகரம் வடகொரியாவிடம் இருக்கிறது.)

'இறுதி அமைதித் தீர்வு எட்டப்படும் வரை' என்று முன்னுரையே காலக்கெடுவைச் சொல்லிவிடுகிறது. மூன்று மாதத்தில் அரசியல் மாநாடு கூட்ட வேண்டும் என்றும் பரிந்துரை இருந்தது. 1954 ஜெனீவா மாநாடு கொரியா விஷயத்தில் எதுவும் முடிவாகாமல் கலைந்தது. முதல் உலகப் போரில் 1918 நவம்பர் 11 ஆர்மிஸ்டிஸுக்குப் பின் 1919இல் வெர்சாய் உடன்படிக்கை வந்தது. கொரியாவில் அந்த இரண்டாம் படி வரவேயில்லை.

கொரிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள். ஆவணத்தின் தலைப்பில் உள்ளது 'ஜொங்ஜொன்', போரை நிறுத்தல். பேச்சு வழக்கில் 'ஹியுஜொன்', போருக்கு ஓய்வு. எல்லைக்கோட்டை மக்கள் 'ஹியுஜொன்சொன்' என்பார்கள். அதைப் பார்த்து 'போர் ஓய்வு' என்று தமிழாக்க ஆசை வரும். ஆனால் நமக்கு 'மழை ஓய்ந்தது' என்றால் விட்டுவிட்டது என்று பொருள். 'போர் ஓய்ந்தது' என்று எழுதினால் பழைய குழப்பமே திரும்பி வரும்.

எனவே 'போர் இடைநிறுத்த உடன்படிக்கை' என்பதே பொருந்தும். 'இடை' என்ற முன்னொட்டு, தொடரக்கூடியது என்ற பொருளைத் தாங்கிக்கொள்கிறது. சில மணி நேரத்துக்கும், வாய்மொழியாகவும், ஒரு தரப்பு மட்டுமே அறிவிக்கவும் கூடிய சீஸ்ஃபயருக்குச் 'சண்டை நிறுத்தம்' போதும். நாடுகள் செய்துகொள்வது 'அமைதி உடன்படிக்கை'. கொரியாவைப் பற்றி எழுத வேண்டிய வரி: '1950 ஜூன் 25இல் தொடங்கிய போர் 1953 ஜூலை 27இல் இடைநிறுத்தப்பட்டது.'