பழைய மெயின்ஃபிரேமில் ஒரு வரியை நீக்கும் முன்

"இரண்டு எல்பாரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்." எல்பார் என்பது ஒரே மெயின்ஃபிரேமுக்குள் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) தனி இயந்திரம்போல ஓடும் ஒரு பகுதி. இந்த வேலை எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வார வேலை. சிஸ்டத்தின் அமைப்புகளை எழுதிவைக்கும் பார்ம்லிப்பை அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும், ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது என்று. காரணம் தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

1964-இல் ஐ.பி.எம். சிஸ்டம்/360-ஐ அறிவித்த நாளிலிருந்து, பழைய நிரல் புதிய இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்பதுதான் மெயின்ஃபிரேம் உலகின் பெரிய பலம். அந்தப் பலத்தோடு பழைய அமைப்புகளும் கேட்பாரின்றிப் பதிப்புக்குப் பதிப்பு கூடவே வந்துவிடுகின்றன.

ஒருமுறை, யாரும் பயன்படுத்தவில்லை என்று மூன்று மாதம் கவனித்த பிறகே, சிஸ்டம் நிரல்களைத் தேடும் லைப்ரரிகளின் பட்டியலான லிங்க்லிஸ்ட்டிலிருந்து ஒரு லைப்ரரியை எடுத்தோம். ஆண்டுக் கணக்கை முடிக்கும் இரவில் ஒரு ஜாப் (சிஸ்டத்தில் ஓடவிடும் வேலை) எஸ்806 அபெண்டில், அதாவது பாதியில் நின்றுபோகும் பிழையில், விழுந்தது. நிரல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். வருடத்துக்கு ஒரே ஒருமுறை ஓடும் ஜாப் அது. அதன்பின் 13 மாதம் பார்க்காமல் எதையும் நான் நீக்குவதில்லை.

இன்னொரு சிக்கல், எழுதியிருப்பதும் ஓடுவதும் வேறு வேறாக இருப்பது. அவசரத்தில் யாரோ, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தையே மாற்றும் செட்பிராக் கட்டளையால் மாற்றியிருப்பார், பார்ம்லிப்பில் எழுத மறந்திருப்பார். அடுத்த ஐ.பி.எல்லில், அதாவது சிஸ்டத்தை மறுபடி தொடங்கும்போது, அந்த மாற்றம் காணாமல் போகும்.

சரி, அதற்காகத் தொடாமலே விட்டுவிடலாமா? கூடாது. ஏ.பி.எஃப். பட்டியலை, அதாவது சிறப்பு அங்கீகாரம் பெற்ற லைப்ரரிகளின் பட்டியலை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள லைப்ரரியிலிருந்து அங்கீகாரத்தோடு ஓடும் நிரல், பாதுகாப்புக் கட்டுப்பாடுகளையே தாண்டிப் போக முடியும். பழைய மென்பொருளை நீக்குபவர்கள் லைப்ரரியை அழித்துவிட்டுப் பட்டியலில் பெயரை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்த வால்யூமில் (வட்டில்) அதே பெயரில் டேட்டாசெட் (கோப்பு) உருவாக்க உரிமை உள்ள ஒருவர், தன் நிரலை அதில் வைத்து மொத்த சிஸ்டத்தையும் கைக்குள் கொண்டுவரலாம். சிஸ்டத்தின் அமைப்புகளைச் சோதிக்கும் ஹெல்த் செக்கர் இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. பல இடங்களில் அந்த எச்சரிக்கை படிக்கப்படாமலே கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. 200 முதல் 255 வரையிலான எண்களில் நிறுவனங்களே எழுதிச் சேர்த்த எஸ்விசிகளும் (மற்ற நிரல்கள் அழைக்கும் சிஸ்டம் சேவைகள்) அப்படித்தான். அழைப்பது யார் என்று பார்க்காமல் அங்கீகாரம் கொடுத்துவிடும் பழைய எஸ்விசி, மூலநிரல் தொலைந்த நிலையில், இன்னும் சில இடங்களில் இருக்கிறது.

ஆகவே என் வரிசை இதுதான். முதலில் ஏ.பி.எஃப்., எஸ்விசி ஓட்டைகள். அவற்றைத் தள்ளிப்போட முடியாது. அப்புறம்தான் மற்ற வித்தியாசங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தேதியோடு பார்ம்லிப்பிலேயே குறிப்பாக எழுதுகிறோம். ஒரு ஐ.பி.எல்லுக்கு ஒரு மாற்றம்தான், அதுவும் முதலில் சோதனை எல்பாரில். பழைய அமைப்போடு சிஸ்டத்தைத் திரும்ப எழுப்புவதற்கான பார்ம்லிப் மெம்பர் (அதிலுள்ள ஒரு தனிக் கோப்பு) எப்போதும் கையில் தயாராக இருக்கும்.