கச்சானுக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஆடி மாதத்து மத்தியானம். என் பெறாமகள் ஆங்கிலக் கொப்பியில் இன்றைய வானிலை பற்றி ஐந்து வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். சன்னி, ஹாட், விண்டி மூன்றும் தீர்ந்துவிட்டன. "சித்தி, கச்சானுக்கு இங்கிலீஷில் என்ன?" அகராதியைப் புரட்டிய அவளுடைய அண்ணன், "கிரவுண்ட்நட்" என்றான். திருகோணமலையில் கச்சான் இரண்டு: கடற்கரையில் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறிப்பது ஒன்று, அந்நேரம் எங்கள் யன்னலைப் படபடவென அடித்துக்கொண்டிருந்த காற்று மற்றொன்று.

ஆங்கிலேயர் காற்றின் வேகத்துக்குத்தான் நிறையப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரீஸ், கேல், ஸ்டார்ம் என்ற அந்த வரிசையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் இலக்கமிட்டு ஒழுங்குபடுத்தினார். கப்பலில் எத்தனை பாய் விரிக்கலாம் என்பதுதான் அவருடைய கவலை. நம்மவர்கள் திசையைப் பார்த்தார்கள்: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். என்னைக் கேட்டால் இதுவே கெட்டிக்காரத்தனம். இந்த ஊரில் திசையைச் சொன்னால் சூடும் ஈரமும் தாமாகவே தெரிந்துவிடும்.

கச்சான் ஏன் இப்படிக் கொதிக்கிறது? அது புறப்படும்போது ஈரக்காற்றுத்தான். தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் நீராவியைச் சுமந்துவந்து மத்திய மலைநாட்டில் மோதி மேலேறுகிறது. மேலே அழுத்தம் குறைவு. காற்று விரிந்து குளிர்கிறது, ஆயிரம் மீற்றருக்குச் சுமார் 10 பாகை. ஓர் உயரத்தில் நீராவி முகிலாகிவிடும். ஈரச்சேலை உலரும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொள்கிறதல்லவா? நீராவி திரும்பத் தண்ணீராகும்போது அந்தச் சூட்டைக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது. அதனால் முகிலுக்குள் ஏறும் காற்று ஆயிரம் மீற்றருக்கு 5 பாகை அளவே குளிர்கிறது. மழை பெரும்பாலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள வட்டவளைப் பக்கம் கொட்டித் தீர்ந்துவிடும்.

மலையைத் தாண்டிக் கிழக்கே நம் பக்கம் இறங்கும்போது ஈரம் போய்விட்டது, சூடு மிஞ்சியிருக்கிறது. இறங்க இறங்க அழுத்தம் கூடி, சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதுபோல, ஆயிரம் மீற்றருக்கு முழு 10 பாகை ஏறுகிறது. கணக்குப் போடுங்கள். 30 பாகையில் கிளம்பிய காற்று 500 மீற்றரில் முகிலாகி, 2000 மீற்றர் ஏறும்போது 17.5 பாகை. மறுபடி தரைக்கு வந்தால் 37.5! உண்மையில் எல்லாக் காற்றும் மலை ஏறுவதில்லை, சுற்றியும் வருகிறது, வழியில் வேறு காற்றுடன் கலக்கிறது. ஆகவே சூடு அவ்வளவு துல்லியமாக அமையாது. ஆனால் கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்றாவதற்கும் உதடு வெடிப்பதற்கும் காரணம் இதுதான்.

மத்தியானத்துக்குப் பின் கிழக்கே கடற்காற்று எழுந்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். கச்சான் பலமாக இருந்தால் அதையும் உள்ளே விடாது.

அல்ப்ஸ் மலையடிவாரத்தில் இப்படி வீசுவதை ஜெர்மன் மொழியில் ஃபோன் (Föhn) என்பார்கள். ஆங்கில அறிவியலாளர்கள் அந்தச் சொல்லையே கடன் வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், நம்முடையதையும் விட்டுவைக்கவில்லை: அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் சொற்றொகுதியில் கச்சான் அதே பெயரில், இலங்கையின் ஃபோன் வகைக் காற்று என்ற விளக்கத்தோடு இருக்கிறது.

பெறாமகளின் நான்காவது வசனத்தில் அந்தப் பெயரையே எழுதச் சொன்னேன். ஐந்தாவதாக நிலக்கடலையைப் பற்றி எழுதட்டுமா என்று அண்ணன் கேட்டான்.